காபி வரும் வரை

மாஸ்டருக்கும் கோட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அளவில் ஒரு குறையும் இல்லை, தையல்காரர் கச்சிதமாகத்தான் தைத்திருந்தார். ஆனால் கண்ணாடி முன்னால் நின்ற மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொங்கவிட்டால் யாரிடமோ திட்டு வாங்கி நிற்பது மாதிரி இருந்தது. பின்னால் கட்டினால் கோட்டு முன்னால் திறந்துகொண்டது.

“ஒரு ஸ்டியரிங் இருந்தா பிடிச்சுக்கலாம்,” என்றார்.

“மாமா, இந்த மாதிரியெல்லாம் அங்க வந்து சொல்லிடாதீங்க,” என்றான் சின்னு, அவர் காலரை இழுத்துவிட்டபடி.

விருந்துக்கு அழைப்பு வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இன்றைக்குத்தான் அந்த விருந்து. நடுவில் வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், போன தேர்தலில் ஜெயித்து சட்டசபை உறுப்பினர் ஆனவள். ஜெயித்த பிறகும் தொகுதியே அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறது. கட்டிய மனைவியை ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டால் புருஷன் என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாஸ்டர் ‘இந்தாம்மா’வோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் அரசியலுக்கு வந்ததே ஒல்லியால்தான். மாஸ்டரிடம் பழகிய பிள்ளைகளிலேயே கெட்டிக்காரன் ஒல்லி. லாரி ஓட்டப் போனவன், இடைவிடாமல் ஓட்டி ஓட்டி, ஒரு விடியற்காலையில் தூங்கிப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதினான். கொண்டுவந்து போட்ட வார்டில் அன்றைக்கு சிஸ்டர்தான் டியூட்டி. அவள் கையிலேயே அவன் உயிர் போயிற்று. அவனை அப்படி ஓட்டவைத்த கம்பெனி பிறகு இழுத்து மூடப்பட்டது, அதனால் யாருக்கு என்ன லாபம்?

லாரி ஓட்டுகிறவனை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவைக்கக் கூடாது. சிஸ்டர் சட்டசபைக்குக் கொண்டுபோன ஒரே கோரிக்கை இதுதான். நாளைக் காலை கமிட்டியில் அது ஓட்டுக்கு வருகிறது. இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர். நடுவில் ஒரே ஒருவர், பால் பண்ணை வைத்திருக்கும் பெரியவர், இரண்டு பக்கத்துக்கும் பிடிகொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் கை உயர்ந்தால் சட்டம். இல்லையென்றால் இன்னும் நாலைந்து வருஷத்துக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

சின்னு யார் என்று கேட்கிறீர்களா? சிஸ்டரின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் மாமாவும்தான் வளர்த்தார்கள். இன்றைக்கு இருப்பதிலேயே பெரிய லாரிக் கம்பெனியில் வேலை. அங்கே அவனுக்கு என்ன வேலை என்பதுதான் மாஸ்டருக்கு இதுவரை பிடிபடவில்லை.

“உறுப்பினருங்களப் பார்த்துப் பழகுறது, மாமா.”

“பழகி?”

“பழகுறதுதான்.”

“அதுக்குச் சம்பளமா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பையன் முகம் சுண்டியதைப் பார்த்து அதோடு விட்டுவிட்டார்.

இந்த விருந்துக்கும் சின்னு மூலமாகத்தான் அழைப்பு வந்தது. சபைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தும் விருந்து. உறுப்பினர்கள் பாதி, கம்பெனிக்காரர்கள் பாதி. கூடவே அவரவர் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ.

“நல்லாக் கேட்டுக்குங்க, மாமா. மேசையில வேலைப் பேச்சு கிடையாது. சட்டம், கமிட்டி, ஓட்டு எதுவும் வாயில வரக்கூடாது. அதெல்லாம் காபி வந்தப்புறம்தான்.”

“அதுவரைக்கும் வாய வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“சாப்பிடுங்க. உங்க ஸ்கூலப் பத்திப் பேசுங்க.”

“அதுக்கு ஒரு விருந்து பத்தாதேடா.”

சின்னு சிரித்துவிட்டான். “அதுக்குத்தான் மணி இருக்கு. சூப் முடிஞ்சு அடுத்த தட்டு வரும்போது விருந்து குடுக்கற ஐயா மணி அடிப்பாரு. அடிச்ச உடனே எல்லாரும் அந்தப் பக்கத்து ஆளு கிட்டத் திரும்பிடணும். பாதிப் பேச்சா இருந்தாலும் அப்படியே விட்டுடணும். அதுதான் அங்க மரியாதை.”

“காபி வந்தா?”

“உறுப்பினருங்க பேசுவாங்க, கம்பெனிக்காரங்க பேசுவாங்க. கூட வந்தவங்க கேட்டுக்கிட்டிருக்கலாம்.”

“நான் கூட வந்தவன்.”

“ஆமா மாமா.”

“அது பழக்கம்தான். இத்தனை வருஷமா பக்கத்து சீட்டுலதானே உட்கார்ந்திருக்கேன்,” என்றார் மாஸ்டர்.

சிஸ்டர் உள்ளே வந்தாள். முகத்தில் கொஞ்சமும் உற்சாகம் இல்லை. “பால் பண்ணைக்காரர் வர்றாருன்னுதான் வரேன். கமிட்டியில அவரு யாரு கிட்டயும் முகம் குடுக்க மாட்டேங்கறாரு.”

“உன்ன அவரு பக்கத்துலயே போடச் சொல்லியிருக்கேன்க்கா.”

“மாமாவ?”

“எங்க எம்.டி. பக்கத்துல.”

அவள் தம்பியை ஒரு நிமிஷம் பார்த்தாள். “எதுக்கு?”

“சும்மாதான். மாமா நல்லாப் பேசுவாரு.”

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே சாயந்திரம் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

அந்த ஹாலுக்குள் கால் வைத்ததும் மாஸ்டருக்கு முதலில் தோன்றியது, தன் செருப்புச் சத்தம் எங்கே போயிற்று என்பதுதான். அவ்வளவு கனமான கம்பளம். மேலே அண்ணாந்து பார்த்தார். விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அத்தனை வெளிச்சம் இருந்தும் கண் கூசவில்லை. அது எப்படி என்று யோசித்துக்கொண்டே நடந்து ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

மேசை என்றால் அதுதான் மேசை. ஒரு முனையில் தும்மினால் மறு முனைக்கு ஆள் அனுப்பித்தான் தகவல் சொல்ல வேண்டும். வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. சுவரோரம் வரிசையாக நின்ற பரிமாறுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அத்தனை தட்டும் ஒரே சமயத்தில் மேசையைத் தொட்டன. ஒரு ‘டக்’ கூடக் கேட்கவில்லை.

அதைவிட ஆச்சரியம் எதிரே உட்கார்ந்திருந்தது. தடித்த மீசை வைத்த உறுப்பினர் ஒருவரும், எதிர்க்கட்சியின் வாயாடி அம்மா ஒருவரும். அன்றைக்குக் காலையில்தான் டிவியில் மாஸ்டர் அவர்களைப் பார்த்திருந்தார். மீசைக்காரர் மேசையைத் தட்ட, அந்த அம்மா காகிதத்தைக் கிழித்து எறிய, சபையே இரண்டுபட்டுப் போயிருந்தது. இப்போது மீசைக்காரர் வெண்ணெயை அந்த அம்மா பக்கம் நகர்த்தி, “முட்டி வலி எப்படி இருக்கு? நான் சொன்ன டாக்டரப் பார்த்தீங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று உடனே மூடிக்கொண்டார்.

ரொட்டியைப் பிய்க்கிற இந்தக் கைகள்தானே நாளைக்கு ஓட்டுக்கு உயரப் போகின்றன? பாலம் எங்கே வரும், எந்த ஊருக்குத் தண்ணீர் போகும், யார் எத்தனை மணி நேரம் வேலை செய்வார்கள், எல்லாம் இந்தக் கைகளில்தான் இருக்கிறது. நினைக்க நினைக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா, மரியாதையா, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூரத்தில், மேசையின் மறுபாதியில், தன் மனைவியும் அந்தக் கைகளில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவளுக்கு அடுத்த நாற்காலியில் பால் பண்ணைக்காரர் இன்னும் மறுபக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் மாஸ்டரா?”

பக்கத்து நாற்காலியில் எம்.டி. வந்து உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கில் லாரி ஓட்டுகிற கம்பெனியின் தலைவி என்றால் எப்படி இருப்பார் என்று மாஸ்டர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். எல்லாம் தப்பு. குள்ளமான உருவம், நரைத்த தலை, கழுத்தில் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போய்விடுவோம்.

“உங்க ஸ்கூல்ல பழகின ஆளுன்னா எங்க டிப்போவுல ரெண்டாவது டெஸ்டே வைக்கறது இல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க,” என்றார் மாஸ்டர்.

“அப்படி என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?”

கேட்டாரே ஒரு கேள்வி. இத்தனை வருஷமாக மாஸ்டர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஆரம்பித்தால் சிஸ்டர் அடுப்படிக்கு எழுந்து போவாள். ஸ்கூலில் ஆரம்பித்தால் மாணவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உடம்பை முழுக்க அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தக் கண்கள் விரிந்து சுருங்கின. பாதியில் நிறுத்தினால், “அப்புறம்?” என்றார். ஒரு மனுஷியால் இப்படிக் கேட்க முடியும் என்று மாஸ்டருக்கு அதுவரை தெரியாது. தான் இவ்வளவு பெரிய ஆளா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

கிளச்சைப் பற்றிச் சொன்னார். மழையில் பிரேக்கைப் பற்றிச் சொன்னார். சூப் ஆறிப்போயிற்று.

“உங்க பசங்கள்லயே யாரு பெஸ்ட்?”

மாஸ்டர் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

“ஒல்லின்னு ஒருத்தங்க,” என்றார். “வண்டி ஓட்டும்போது செருப்பக் கழட்டிடுவான். ‘ரோடு என்ன சொல்லுதுன்னு காலுக்குத் தெரியணும் மாஸ்டர்’ம்பான். ஒரு தடவ மலைப் பாதை. கொட்டுற மழை. பதினோரு மணி நேரம், ஒரே ஆளு.”

“பதினோரு மணி நேரமா?”

“பதினோரு மணி நேரம். கண்ணு அசரல. ஏறி இறங்கி, வண்டிய நிறுத்திட்டு எனக்குப் போன் பண்றான், ‘மாஸ்டர், ஒரு கீறல் இல்ல’ன்னு. பழக்கின விதம் அப்படிங்க. அதப் பார்த்துட்டு அந்தக் கம்பெனிக்காரன் அடுத்த மாசமும் அவனையே...”

மணி அடித்தது.

சின்ன மணிதான். ஆனால் ஹால் முழுக்க அத்தனை தலையும் ஒரே அசைவில் அடுத்த பக்கம் திரும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எம்.டி. முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “மீதிய அப்புறம் கண்டிப்பாச் சொல்லணும்,” என்று அவர் கையை லேசாகத் தொட்டுவிட்டு, மறுபக்கம் இருந்த வங்கிக்காரரிடம் திரும்பிவிட்டார்.

மாஸ்டர் ஒல்லியின் மீதிக் கதையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் மழையைப் பற்றி ஆரம்பித்தார். மாஸ்டர் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்றார். மீன் வந்தது, போயிற்று, என்ன ருசி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நடுநடுவே எட்டிப் பார்த்தார். சிஸ்டர் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு உப்புக் குப்பியை வைத்து பால் பண்ணைக்காரருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் மாட்டைப் பற்றிச் சொன்னாரோ என்னவோ, இருவரும் சிரித்தார்கள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

காபி வந்தது.

ஓய்வு பெற்ற சபைத் தலைவர் எழுந்தார். “இனிமே வேலை பேசலாம்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. அதே முகங்கள்தான், ஆனால் யாரோ உள்ளே ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டது போல் இருந்தது.

முதலில் எம்.டி. எழுந்தார்.

“எட்டு மணி நேரச் சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரல. அதக் கொண்டுவந்த உறுப்பினர் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு.” சிஸ்டர் பக்கம் தலை குனிந்தார். “ஆனா மணி நேரத்த எண்ணினா பாதுகாப்பு வந்துடுமா? இன்னிக்கு என் பக்கத்துல ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருந்தாரு. எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவரு. அவரு பழக்கின ஒருத்தன், மலைப் பாதையில, கொட்டுற மழையில, பதினோரு மணி நேரம் ஓட்டியிருக்கான். ஒரு கீறல் இல்ல. எப்படி? பயிற்சி. மணியப் பார்க்காதீங்க, பயிற்சியப் பாருங்கன்னுதான் நான் கேட்டுக்கறேன். நான் சொல்லல, மாஸ்டர் சொல்றாரு.”

கைதட்டல் எழுந்தது. எம்.டி. பேசி முடித்தால் முதலில் தட்டுவது சின்னுவின் வழக்கம். மேசைக் கோடியில் இருந்த அவன்தான் இன்றும் முதலில் கையைத் தூக்கினான். மலைப் பாதை, மழை, இது ஒல்லி என்பதெல்லாம் அப்புறம்தான் அவன் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். பாதியிலேயே கை நின்றுவிட்டது. அதற்குள் ஹாலே தட்ட ஆரம்பித்திருந்தது. எல்லோரும் மாஸ்டரைப் பார்த்துத் தட்டினார்கள். தடித்த மீசைக்காரர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எம்.டி. பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாம் மாஸ்டர் வாயிலிருந்து வந்ததுதான்.

“மாஸ்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னம்மா?” பால் பண்ணைக்காரர் சிஸ்டரிடம் சொன்னது இங்கே வரை கேட்டது. கேலியாகச் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே ஒரு பாரம் இறங்கிய மாதிரி சொன்னார்.

சிஸ்டர் கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் உறவுக்காரர்களுக்கு ஒரு முகம் காட்டுவாள், சாந்தமான முகம். அந்த முகத்தை அவருக்குக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவருக்குக் காட்டாத முகம்.

மாஸ்டர் எழுந்தார். கோட்டு எங்கோ மாட்டி இழுத்தது.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கதையில இன்னும்...”

கைதட்டல் ஓய்ந்தது. சபைத் தலைவர் புன்னகையோடு கையை உயர்த்தினார். அதில் கடுமை இல்லை, பெரிய மனுஷத்தனம்தான் இருந்தது. “மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நேரம் உறுப்பினருங்களுக்கும் கம்பெனிக்காரங்களுக்கும் மட்டும்தான். இத்தனை வருஷத்துல யாருக்கும் நான் மாத்தினது இல்ல. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும், இல்லையா?”

நாற்காலியைப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக முன்னால் தள்ளினார்கள், அவர் உட்காருவதற்கு வாகாக. அந்த ஹாலில் எல்லாமே வாகாக நடந்தது. எதிர்த்து நிற்க அங்கே எதுவுமே இல்லை. மாஸ்டர் கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட்டார்.

அப்படியே பாதியில் நின்றுகொண்டு கேட்டார்.

“கம்பெனிக்காரங்க பேசலாம்ல, ஐயா?”

“தாராளமா.”

“அப்ப என் மச்சினன் பேசட்டும்.” கையை நீட்டிக் காட்டினார். “இவங்க கம்பெனிதான். அந்தப் பையனும் இவனும் என் கிட்ட ஒரே கார்ல பழகினவங்க. ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. மீதிக் கதை இவனுக்குத் தெரியும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வளர்த்த பிள்ளை. அவன் சோற்றில் கை வைத்துவிட்டோமே. ஆனால் வாயை விட்டு வந்த வார்த்தையை எங்கே போய்ப் பிடிப்பது?

யாரும் மணி அடிக்கவில்லை. அத்தனை முகமும் சின்னு பக்கம் திரும்பியது. வெண்ணெய் நகர்த்தியவர், முட்டி வலிக்காரி, வங்கிக்காரர், பால் பண்ணைக்காரர், எல்லோரும்.

எம்.டி. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். மாஸ்டர் கதையைக் கேட்டாரே அதே கண், அதே கவனம். அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது.

“சொல்லு சின்னு,” என்றார். “எனக்கும் மீதி தெரியணும்.”

சின்னு அவரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். கடைசியாக அக்காவைப் பார்த்தான்.

சிஸ்டரின் கண் நிறைந்திருந்தது. அவளுடைய சட்டம், இத்தனை நாள் அலைச்சல், ஒல்லிக்கு அவள் மனசுக்குள் கொடுத்து வைத்திருந்த வாக்கு, எல்லாம் இப்போது தம்பியின் வாயில் இருந்தது. அவள் அவனையே பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சின்னு எழுந்து நின்றான்.